தையல் பாடம்: ஒட்டுத்துணியில் நம்ம குடும்பக் கதை



நம்ம வீடுகளில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பழந்துணிக்குப் பஞ்சம் வருவதில்லை. கிழிந்த சாரம், சாயம் போன சீலை, பிள்ளைக்குச் சிறுத்துப்போன கவுன், தையற்காரர் வெட்டிப்போட்ட துண்டுகள் எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பானை இறக்கவும் தரை துடைக்கவும் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்போம். இந்தப் பாடத்தில் அதே மூட்டையை அவிழ்த்து, சுவரில் தொங்கவிடும் ஒரு சீலையைத் தைக்கப் படிப்போம்.

படம் தைத்த முகத்துணி, நடுவில் ஒரு கனத்த துணி, பின்னால் ஒரு பின்துணி என மூன்று அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பதை ஆங்கிலத்தில் கில்ட் என்பார்கள். நாம் சுவர்ச் சீலை என்றே சொல்லுவோம்.

"காம்பராவில சாமி படம் இருக்கு, கலண்டர் இருக்கு. இது வேற எதுக்கு?" என்று கேட்பீர்கள். நம்ம பெரியவர்களின் கதை எந்தப் புத்தகத்திலும் இல்லை. செக்ரோலில் அவர்களுடைய பேர் விழுந்தது. எத்தனை நாள் வேலை செய்தார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்பதும் விழுந்தது. எந்த ஊரிலிருந்து வந்தார்கள், கூடப்பிறந்தவர்களில் யார் கப்பலேறிப் போனார்கள், யார் இங்கேயே நின்றார்கள் என்பது எதிலும் விழவில்லை. அதைத் தைத்து வைக்கத்தான் இந்தச் சீலை.

தைத்துக் கதை சொன்ன ஒரு தாய்

ஹெரியட் பவர்ஸ் என்ற பெண் 1837ல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பருத்திக் காடுகள் நிறைந்த பூமி அது. விடுதலை கிடைத்த பிறகு, தான் கேட்டு வளர்ந்த வேதாகமக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி, 11 கட்டங்களாக ஒரு சீலை தைத்தார். 1886ல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதை வைத்தார். ஜெனி ஸ்மித் என்ற சித்திர ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை.

சில வருடத்தில் வீட்டில் கஷ்டம் வந்தது. பவர்ஸ் தானாகவே போய் 10 டொலர் கேட்டார். கிடைத்தது 5 டொலர்தான். ஆனாலும் கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன என்று விளக்கிச் சொன்னார். அந்த ஆசிரியை அதை எழுதி வைத்துக்கொண்டார். விற்ற பிறகும் தன் சீலையைப் பார்க்க பவர்ஸ் பல தடவை அவர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். 1910ல் அவர் காலமானார். இன்று அந்தச் சீலை வொஷிங்டனில் உள்ள தேசிய அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொரு சீலை பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இருக்கிறது.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1973ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பலர் காணாமல் போனார்கள். அவர்களுடைய தாய்மாரும் மனைவிமாரும் கூடி உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைச் சாக்குத் துணியின்மேல் ஒட்டுத்துணியால் தைத்துக் காட்டினார்கள். அந்தச் சீலைக்கு அர்பியேரா என்று பேர். அவர்கள் மொழியில் சாக்குத் துணி என்றுதான் அதற்கு அர்த்தம். முன்பு நம்ம அம்மாயிமார் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு மாதிரியான துணிதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு விசயம். படத்தின் கதையை எழுதி வைத்ததால்தான் பவர்ஸ் தைத்தது என்ன என்று இன்றைக்கும் தெரிகிறது. இது முதலாவது. உழைப்பைக் கணக்குப் பார்க்காமல் விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். இது இரண்டாவது. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

முதலில் கதையைக் கேளுங்க

துணியை வெட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களோடு உட்காருங்க. பிள்ளைகளில் ஒருவர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். "எந்த வருசம்?" என்று நேராகக் கேட்டால் அவர்களுக்குச் சொல்ல வராது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற சம்பவத்தோடு சேர்த்துக் கேட்க வேணும். இப்படி:

"அம்மாயி, நீங்க இந்தத் தோட்டத்துக்கு வந்தது எந்த வருசம்?"

"வருசமெல்லாம் யாருக்குத் தாயி தெரியும்? உங்க அம்மா அப்ப பிள்ளைக்காம்பராவில இருந்தா."

"பஞ்சத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி. பஞ்சம் வந்தப்ப நாங்க இங்கதான் இருந்தோம். மரவள்ளிக்கிழங்கு தின்னோம்."

தோட்டங்களில் பெரும் பஞ்சம் வந்தது 1973, 1974ஆம் ஆண்டுகளில். அம்மா பிறந்தது 1970 என்றால், அம்மாயி வந்தது 1970க்கும் 1973க்கும் இடையில் என்று கண்டுபிடித்துவிடலாம். இப்படிக் கேட்க உதவும் சில ஆண்டுகள்:

1948 – குடியுரிமைச் சட்டம்.
1964 – சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அந்த ஆண்டு டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது.
1975 – கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது.
1983 – கலவரம்.
1992 – தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது.
2003 – நாடற்றவர்களாக இருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம்.

கேட்டதிலிருந்து ஒன்பது விசயங்களைத் தெரிந்தெடுங்க. ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு படம். தலைமன்னார்க் கப்பல், மலை ரயில், கொழுந்துக் கூடை, லயம், கோவில் அல்லது தேவாலயம், தப்பு, பிள்ளைக்காம்பரா, முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை என்று எதுவும் இருக்கலாம். சித்திரம் வரையத் தெரிந்திருக்கத் தேவையில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இன்னது என்று தெரிந்தால் போதும். ஆசையானவர் ஒருவர் உடுத்திய துணி இருந்தால், அவருடைய கட்டத்தில் அதில் ஒரு துண்டாவது வர வேணும்.

தேவையான சாமான்கள்

1. ஒன்பது கட்டங்களுக்கு, ஒவ்வொன்றும் 10 அங்குலச் சதுரமாகத் துணி. ஒரே நிறமான வெளிர்த் துணி நல்லது.
2. படம் வெட்டப் பல நிறத் துண்டுகள்.
3. சுற்றுக் கரைக்கு 4 அங்குல அகலத் துணி: 28 அங்குல நீளத்தில் இரண்டு, 34 அங்குல நீளத்தில் இரண்டு.
4. நடுத்துணி 36 அங்குலச் சதுரம். பழைய கம்பளமோ, மெத்தென்ற போர்வையோ போதும்.
5. பின்துணி 36 அங்குலச் சதுரம். பழைய சாரம் ஒன்றை விரித்தாலே வந்துவிடும்.
6. ஓரம் கட்ட 2½ அங்குல அகலத் துணி: 34 அங்குலத்தில் இரண்டு, 36 அங்குலத்தில் இரண்டு.
7. கம்பு நுழைக்கும் உறைக்கு 33 அங்குல நீளம், 7 அங்குல அகலத் துணி.
8. ஊசி, பருத்தி நூல், குண்டூசி, கத்தரிக்கோல், அளவுநாடா, பென்சில், பழைய பத்திரிகைத் தாள்.

தையல் மெசின் கட்டாயம் இல்லை. எல்லாவற்றையும் கையாலேயே தைக்கலாம்.

துணியைச் சோதிக்கும் விதம்

துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுங்க. 'சர்' என்று சத்தம் வந்தால் அது இத்துப்போன துணி. ஞாபகத்துக்காக அதைச் சேர்க்க வேணும் என்றால், பின்னால் நல்ல துணி ஒன்றை வைத்துத் தைத்துக்கொள்ளுங்க.

பருத்தியா, நைலோனா என்று தெரியாவிட்டால் ஒரு நூலை உருவி, குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டுங்க. பிள்ளைகள் செய்ய வேண்டாம். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து சாம்பலாகும். நைலோன் வகை உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். கூடியவரையில் பருத்தியோடு பருத்தியையே சேருங்க. இரண்டையும் கலந்தால் கழுவிய பிறகு ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, சீலை கோணிப்போகும்.

எல்லாத் துணியையும் முதலிலேயே கழுவிக் காயப்போடுங்க. சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்க. சாயம் ஒட்டினால் மறுபடி அலசுங்க. மூன்று தடவை அலசியும் சாயம் விட்டால் அந்தத் துணி வேண்டாம்.

தைக்கும் முறை

படம் ஒட்டுதல்: பத்திரிகைத் தாளில் படத்தை வரைந்து வெட்டுங்க. அதைத் துணிமேல் வைத்து, சுற்றிலும் கால் அங்குலம் கூட விட்டு வெட்டுங்க. அந்தக் கால் அங்குலத்தை உள்ளே மடித்து, கட்டத்தின் நடுவில் வைத்துக் குண்டூசி குத்தி, ஓரத்தைச் சிறு சிறு தையலாகத் தைத்துக்கொண்டு வாங்க. வளைவான இடத்தில் மடிப்புத் துணியில் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்தால்தான் சுருக்கம் விழாமல் மடியும். கட்டத்தின் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குப் படம் எதுவும் வரக்கூடாது. இல்லாவிட்டால் மூட்டும்போது கப்பலின் தலை உள்ளே போய்விடும்!

மூட்டுதல்: இரண்டு கட்டங்களின் நல்ல பக்கத்தை உள்பக்கமாகச் சேர்த்து வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலத்தில் பென்சில் கோடு போடுங்க. அந்தக் கோட்டில், ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி இரண்டு தையல் முன்னால் எடுக்கும் பின்தையல் போடுங்க. மூன்று மூன்றாக மூட்டி மூன்று வரிசை செய்து, பிறகு வரிசைகளை மூட்டுங்க. இப்போது அளந்தால் 28 அங்குலச் சதுரம் வர வேணும். மேலும் கீழும் 28 அங்குலக் கரைகளை மூட்டி, பிறகு இரண்டு பக்கமும் 34 அங்குலக் கரைகளை மூட்டுங்க. முகத்துணி 34 அங்குலச் சதுரமாகிவிடும்.

மூன்று அடுக்கு: தரையைத் துடைத்து, பின்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்க. அதன்மேல் நடுத்துணி. அதன்மேல் முகத்துணியைப் படம் மேலே தெரிய நடுவில் வையுங்க. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் தடவிச் சுருக்கத்தை எடுங்க. பிறகு பெரிய பெரிய ஓட்டாக, நடுவிலிருந்து நாலு பக்கமும் தற்காலிகமாகத் தைத்துக்கொள்ளுங்க. ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து நிற்கும். அதை எடுக்க முடியாது.

இனி மூன்று அடுக்கையும் சேர்த்துச் சின்ன ஓட்டுத்தையல் போட வேணும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுக்காதீங்க, சிக்கு விழும். முதலில் ஒவ்வொரு படத்தையும் சுற்றி, பிறகு கட்டங்கள் மூட்டிய கோட்டின் பக்கத்தில், கடைசியாகச் சுற்றுக் கரையில் தையுங்க. எந்த இடத்திலும் இரண்டு தையல் வரிசைக்கு நடுவில் நாலு விரலுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இடைவெளி கூடினால், தொங்கும்போது நடுத்துணி கீழே இறங்கிச் சீலை வயிறு தள்ளி நிற்கும்.

ஓரம் கட்டுதல்: கூடுதலான பின்துணியையும் நடுத்துணியையும் முகத்துணியின் அளவுக்கு வெட்டுங்க. 34 அங்குல ஓரத்துணிகளை மேலும் கீழும் முகப்பக்கத்தில் வைத்து அரை அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பி, நுனியை மடித்துத் தையுங்க. 36 அங்குலத் துணிகளைப் பக்கவாட்டில் இதே மாதிரிக் கட்டி, மூலையில் மிஞ்சுவதை உள்ளே மடித்துவிடுங்க.

கம்பு உறை: 33 அங்குலத் துணியின் இரண்டு நுனியையும் அரை அங்குலம் மடித்துத் தைத்து, நீளவாக்கில் குழாயாக மூட்டுங்க. அதைச் சீலையின் பின்புறம், மேல் ஓரத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, மேலும் கீழும் தையுங்க. ஊசி பின்துணியையும் நடுத்துணியையும் பிடிக்க வேணும். முகத்துக்கு வரக்கூடாது. சீலையின் பாரத்தைக் கம்பு முழுக்கத் தாங்கும். மூலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டால் கொஞ்ச நாளில் மூலை கிழிந்துவிடும்.

பேர்த் துண்டு

இதைச் செய்யாமல் வேலை முடியாது. உள்ளங்கை அளவு வெள்ளைத் துணியில் தைத்தவர்களின் பேர், தோட்டம், டிவிசன், ஆண்டு எல்லாவற்றையும் நூலால் தைத்து, சீலையின் பின்புறம் கீழ் மூலையில் வையுங்க. போல்பொயின்ட் பேனையால் எழுதினால் கழுவும்போது மை பரவும். கொப்பியில் ஒன்பது கட்டங்களுக்கும் இலக்கம் போட்டு, ஒவ்வொரு படமும் யாரைப் பற்றியது, என்ன நடந்தது என்று சொன்னவரின் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்க. அம்மாயி இருக்கும் வரைக்கும் அந்தக் கப்பல் அவருடைய தங்கச்சி ஏறிப்போன கப்பல். எழுதி வைக்காவிட்டால், அவர் போன பிறகு அது வெறும் கப்பல்தான்.

தொங்கவிடும் இடம்

நம்ம மலைப்பக்கத்தில் சீலைக்கு முதல் எதிரி ஈரம். மேட்டை ஒட்டிய பின்சுவரிலும், மழைச் சாரல் அடிக்கும் சுவரிலும் தொங்கவிட வேண்டாம். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள உள்சுவர் நல்லது. அடுப்புப் புகை, விளக்குப் புகை படக்கூடாது. சன்னல் வெயில் நேராக விழுந்தால் நிறம் போகும். சீலையின் பின்புறம் கீழ் மூலைகள் இரண்டிலும் கட்டைவிரல் அளவு கார்க் துண்டு வைத்துத் தைத்தால், சுவருக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓடும். கம்புக்கு நன்றாகக் காய்ந்த மூங்கில் எடுத்து, பழந்துணி சுற்றி உறையில் நுழையுங்க. பச்சைக் கம்பின் சாறு துணியில் கறையாக இறங்கும்.

பராமரிப்பு

மாதம் ஒரு தடவை இறக்கி, இரண்டு பக்கமும் மெதுவாகத் தட்டி, நிழலில் காற்றாட விடுங்க. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரையும் மழை கூட. அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. சில்லென்று ஈரமாக இருந்தால் உடனே இறக்கிவிட வேணும்.

கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் கண்டால் முதலில் நன்றாகக் காயவிட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெத்தென்ற பிரசினால் தட்டுங்க. ஈரத்தில் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும்.

அடிக்கடி கழுவத் தேவையில்லை. கழுவும்போது பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, சீலையை அமுக்கி அமுக்கி எடுங்க. கல்லில் அடிக்கவோ, முறுக்கிப் பிழியவோ கூடாது. வெளுக்கும் தூள் கூடாது. பெரிய துவாயில் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் படுக்கையாக விரித்துக் காயவையுங்க. ஈரத்தோடு கொடியில் போட்டால் பாரம் தாங்காமல் தையல் விடும். கஞ்சி போடவே வேண்டாம். கஞ்சிக்குத்தான் வெள்ளிப்பூச்சி வரும்.

எடுத்து வைப்பதானால் மடிக்காமல், படம் வெளியே இருக்கச் சுருட்டி, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்க. பொலித்தீன் உறைக்குள் வைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை போடுவதானால் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. அதை வாயில் போட்டால் விசம்.

நேரமும் விலையும்

"பெரட்டுக்குப் போய், கொழுந்து நிறுத்து, வந்து சமைச்சு முடிக்கவே இருட்டிடுது. எங்க நேரம்?" என்பது நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஒன்பது கிழமையில் கட்டங்கள் முடியும். ஒரு லயத்தில் ஒன்பது பேர் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு கட்டம்தான். ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் ஊசி பிடிக்கப் பழக்குங்க. சட்டைப் பொத்தான் தைக்கவாவது உதவும்.

விற்பதற்குத் தைக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கட்டத்துக்கு 4 மணித்தியாலம் என்றால் ஒன்பதுக்கு 36. மூட்ட 6, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்க 16, ஓரத்துக்கும் உறைக்கும் 6. மொத்தம் 64 மணித்தியாலம். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் எட்டுப் பேர். ஆகவே எட்டு நாள் கூலியோடு துணி, நூல் செலவையும் சேர்த்தால்தான் சரியான விலை. "பழந்துணிதானே" என்று சொல்லி ஒருவர் விலையைக் குறைத்தால், துணிதான் பழசு, உழைப்பு புதுசு என்று சொல்லுங்க. விற்பதற்கு வேறொன்று தைத்துக்கொள்ளலாம். குடும்பக் கதை உள்ள சீலையை மட்டும் விற்க வேண்டாம்.

பயிற்சி

1. கட்டத்தை 10 அங்குலம் வெட்டினாலும் தைத்த பிறகு 9 அங்குலமாகத் தெரிவது ஏன்?
2. தற்காலிக ஓட்டை நடுவிலிருந்து தொடங்குவது எதற்காக?
3. உங்கள் வீட்டுச் சுவர்களில் எது ஈரமில்லாத சுவர்? மழை நாளில் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்க.
4. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து முதல் கட்டத்துக்கான கதையைக் கேட்டு எழுதுங்க. மற்ற மூன்று கேள்விகளும் பிந்தினாலும் பரவாயில்லை. இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்க.